மழைக்கோட்டு போட்ட யானைக்குட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவேன். பால் பொங்கவில்லை என்று எனக்கே தெரியும். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, கல்யாணமாகி, இருபத்திரண்டு வருஷமாக மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தனராஜ் தாராவியில் ரெக்சின் பை தைக்கிறார். ஒரே மகள், ஜெபா. நான் வீட்டிலேயே பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கார்ட்டூன் கேக் செய்து கொடுக்கிறேன். கர்த்தருடைய கிருபையால் இப்போது மனசில் பாரம் இல்லை. அதனால் ஊரில் இருக்கிறவர்களும், கல்யாண், அம்பர்நாத் பக்கம் என்னைப் போலக் குடியேறி இருக்கிற நம் ஜனங்களும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. போனில் கேக் கேட்கிறவர்கள் பிள்ளைக்கு எத்தனை வயது என்று சொல்லுவதற்கு முன்னால், "எக்லெஸ் தானே?" என்று கேட்கிறார்கள். நம் ஊரில் கேக் என்றால் முட்டைதான் பேச்சு. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் "எத்தனை முட்டை போட்ட?" என்று கேட்பதும், கேட்டவளைவிட இரண்டு கூட்டிச் சொல்லுவதும் வழக்கம். இங்கே முட்டை போடாததில்தான் பெருமை. ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் அது அவர்களுக்குச் சிரிப்பான காரியம் இல்லை என்று விளங்கிற்று. ஆகவே பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில் இரண்டு பலகை அடித்தேன். மேல் பலகையில் முட்டை சேராத கேக்குக்கான பாத்திரம், கரண்டி, மாவு அடிக்கிற பீட்டர். எல்லாவற்றிலும் பச்சை நூல் கட்டியிருப்பேன். கீழ்ப் பலகை மற்றவர்களுக்கு. அவசரத்தில்கூட மேலே உள்ளதைக் கீழே கொண்டுவந்தது கிடையாது. அந்த விஷயத்தில் நான் சுத்தமானவள் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. விழுந்ததும் அதில்தான்.

மாட்டுங்காவில் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் ஹேத்தல் பென் இருக்கிறார். குஜராத்தி, ஜெயின் சமயத்தார்; பென் என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. உருளைக்கிழங்கு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். அவருக்குத் த்ருவி என்று ஒரு மகள். அந்தப் பிள்ளையின் மூன்றாவது பிறந்தநாளுக்கு, டி.வி.யில் வருகிற, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட நீல யானைக்குட்டி கேக்கின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஹேத்தல் பென் கேட்டார். அதுவரைக்கும் முட்டை இல்லாத கேக்கில் நான் பொம்மை வைத்ததில்லை. மற்ற சைவ வீட்டுக்காரர்கள் கிரீமிலேயே முகம் வரையச் சொல்லுவார்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பொம்மையை வாங்கிக் கொடுத்து வைக்கச் சொல்லுவார்கள். பொம்மை செய்ய நான் போனில் வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். பஞ்சு மாதிரி இருக்குமே, மார்ஷ்மெல்லோ என்கிற வெள்ளை மிட்டாய், அதைச் சூட்டில் உருக்கிப் பொடித்த சர்க்கரை போட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல வரும். அதில் எந்த உருவமும் பிடிக்கலாம். அந்த மிட்டாயைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி, வெறும் பாலிதீன் பையில் போட்டு எடைக்குத் தருவார்கள். ஒரு எழுத்துகூட அதில் இருக்காது. சர்க்கரை மிட்டாய்தானே என்று நினைத்தேன். நம் ஊரில் மிட்டாயைப் பார்த்து இது சைவமா என்று யார் கேட்டிருக்கிறார்கள்?

அந்த யானைக்குட்டியை இரண்டு நாள் செய்தேன். தும்பிக்கை தொங்கிவிடாமல் உள்ளே ஒரு குச்சி. கிரீமில் அமிழ்ந்துவிடாமல் அடியில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய வட்ட அட்டை. மழைக்கோட்டுக்கு நாலு பொத்தான். செய்து முடித்து, எப்போதும் செய்கிறபடி, இதைச் சாப்பிடுகிற பிள்ளை சுகமாயிருக்கட்டும் என்று கேக்கின்மேல் கையை வைக்காமல் சற்று மேலே நிறுத்தி ஜெபித்தேன். டாக்சியில் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் ஹேத்தல் பென் போட்டோ அனுப்பினார். கேக் வெட்டி முடிந்திருந்தது. யானையைக் காணோம். த்ருவியின் வாயெல்லாம் நீலம். பொம்மையைத்தான் பிள்ளை முதலில் தின்றிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனராஜிடம் காட்டினேன். "தும்பிக்கையக்கூட விடலியா? நல்ல பிள்ளதான்" என்றார்.

அடுத்த மாசிவாக்கில் ஒரு மத்தியானம். கடைக்காரர் மூட்டை தீர்ந்துபோய்விட்டது என்று கம்பெனி பாக்கெட் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஜெபா அதைப் பிரிக்கப் போனவள் நின்றாள்.

"மம்மி, இது வெஜ் இல்ல."

"எது வெஜ் இல்ல? மிட்டாய்டீ அது."

"யே தேக்கோ. பிரவுன் மார்க்." சதுரத்துக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணம். பின்னால் இருந்த பொடி எழுத்தை வாசித்துவிட்டு, "ஜெலட்டின் போட்டிருக்கான். மாட்டு எலும்பு, தோலு, அதிலேருந்து எடுக்கிறது. எல்லா மார்ஷ்மெல்லோவும் அப்டித்தான் மம்மி, காலேஜ்ல பசங்க சொல்லிருக்காங்க" என்றாள்.

போனில் இருந்த கேக் போட்டோ எல்லாவற்றையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முட்டை இல்லாத கேக்கில் பொம்மை வைத்தது அந்த ஒன்றுதான். ஒன்றுதான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த ஒன்று ஹேத்தல் பென் வீடு. மழைக்காலத்தில் நாலு மாதம் கீரைகூடத் தொடாத வீடு. பூச்சி செத்துவிடும் என்று பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டு முடிக்கிற மனிதர்கள். அவர்கள் பிள்ளையின் வாயில் எலும்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அதற்கு முன்னால் ஜெபம் வேறு பண்ணியிருக்கிறேன்.

தனராஜிடம் சொன்னபோது அவர் பையின் கைப்பிடிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இப்பம் போய்ச் சொல்லணுமாக்கும்?"

"சொல்லாண்டாமா?"

"சொன்னா என்ன ஆவும்? தின்னது திரும்பியா வரும்? அவுங்க மனசு நோவும். அந்த பில்டிங்குல ஒரு வாசல் உனக்குத் தொறக்காது. நீ தெரிஞ்சா செஞ்ச? ஆண்டவருக்குத் தெரியும். அவுங்களுக்குத் தெரியாண்டாம், விடு."

அவர் சொன்னதால்தான் நான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் எட்டு வீட்டுக்காரர்கள் ஹேத்தல் பென் சொல்லித்தான் என்னிடம் வாங்குகிறார்கள். அதுமட்டுமல்ல, ஊரை விட்டு வந்த இத்தனை வருஷத்தில் "எஸ்தர் பென், உள்ளே வா, உட்கார், தண்ணீர் குடி" என்று சொன்ன வெளியார் வீடு அது ஒன்றுதான். மார்ஷ்மெல்லோவை அன்றைக்கே நிறுத்தினேன். பால் பவுடரும் கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து பொம்மை செய்யப் பழகினேன். ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்த நீல வாய்தான் கண்ணில் வரும். ஆமென் சொல்லுவதற்குள் எழுந்துவிடுவேன்.

அடுத்த பிறந்தநாளுக்கு ஹேத்தல் பென் கூப்பிட்டார். "அதே யானைக் கதைதான் வேண்டுமாம் த்ருவிக்கு. ஆனால் எஸ்தர் பென், யானை வேண்டாம். யானையின் குடையும் பூட்ஸும் மட்டும் கிரீமில் போடு" என்றார். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வருஷம் பறக்கும் பூனை கார்ட்டூன். பூனை வேண்டாம், அது பறக்கிற மேகமும் நிலாவும் போதும் என்றார். யானை இல்லாத யானைக் கேக், பூனை இல்லாத பூனைக் கேக். ஒவ்வொன்றையும் செய்யும்போது அந்த வெற்றிடம் என்னைக் குற்றம் சொல்லுவது போலவே இருக்கும். கொண்டுபோய்க் கொடுக்கையில் ஹேத்தல் பென்னின் வீட்டுக்காரர் நிலேஷ் பாய் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிவிடுவேன். துணிக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அவர் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு கொடுப்பார். அதையும் நான் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வருஷமும் பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில், தெருவெல்லாம் மேளமாக இருக்கும்போது, ஹேத்தல் பென்னிடமிருந்து போனில் ஒரு மெசேஜ் வரும். கைகூப்பிய படம், கீழே "மிச்சாமி துக்கடம்". அவர்கள் பண்டிகை வாழ்த்து என்று எண்ணி நானும் ஒரு பூப்படம் போட்டு "ஹேப்பி ஃபெஸ்டிவல், சேம் டு யூ" என்று அனுப்பிவிடுவேன். நாலு வருஷம் அப்படியே அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் அந்த மெசேஜ் வந்தபோது ஜெபா பக்கத்தில் இருந்தாள். நான் பூப்படம் தேடுவதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மம்மி, என்ன அனுப்புறே? அவங்க மாஃபி கேக்கிறாங்க. தெரிஞ்சோ தெரியாமலோ உன்னை ஹர்ட் பண்ணிருந்தா மன்னிச்சிடுன்னு. ஜெயின்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவ எல்லார்கிட்டயும் கேப்பாங்க. நீ சேம் டு யூங்கிறே."

அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் யாருக்குத் தீங்கு செய்தேனோ அவரே வருஷா வருஷம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பூ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து வைத்தபடி நின்றேன், வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் தனராஜிடம், "நீங்க வீட்டுக்குப் போங்க, நான் மாட்டுங்கா போய்ட்டு வாரேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "கூட வரட்டா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கட்டடத்து வாட்ச்மேன் என் கையைப் பார்த்துவிட்டு, "கேக் கிதர் ஹை?" என்றார். கேக் பெட்டி இல்லாமல் நான் அந்தப் படி ஏறினது அதுதான் முதல் தடவை. ஹேத்தல் பென் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கள், எஸ்தர் பென் நேரிலேயே வந்துவிட்டாள்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற நாளுக்கு வீடு தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நிலேஷ் பாய் சோபாவில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். யானை, மிட்டாய், பழுப்பு முக்கோணம், எலும்பு. எனக்குத் தெரிந்து மூன்றரை வருஷம் ஆகிறது, பயந்து சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். ஹேத்தல் பென்னின் கை வாய்க்குப் போயிற்று. நிலேஷ் பாய் பேப்பரை மடித்து வைத்தார்.

"யார் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார்.

"த்ருவி. நீங்கள் எல்லாரும்."

"உனக்கு யார் சொன்னது?"

"போட்டோ பார்த்தேன். யானை இல்லை. பிள்ளை வாய் நீலம்."

"ஹேத்தல், அந்த வீடியோவை எடு" என்றார்.

போனில் வீடியோவைத் தேட ஹேத்தல் பென்னுக்கு வெகு நேரம் பிடித்தது. அதில் எல்லாரும் கைதட்டிப் பாடுகிறார்கள். த்ருவியின் கையில் கத்தி. கத்தி யானையின் கிட்டே போகிறது. நிலேஷ் பாயின் கை குறுக்கே வருகிறது. மற்றக் கையால் யானையைத் தொட்டுப் பார்த்து, பிறகு இரண்டு கையாலும் அட்டையோடு தூக்குகிறார். பிறந்த பிள்ளையைத் தூக்குகிறது போல. த்ருவி ஓவென்று அழுகிறாள். அவர் அதைக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார். திரும்பி வந்து ஓரத்தில் இருந்த நீலக் கிரீமை விரலால் எடுத்துப் பிள்ளையின் வாயில் வைக்கிறார். அழுகை நிற்கிறது.

"ஸ்தோத்திரம்" என்று என் வாயிலிருந்து தமிழில் வந்தது. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் சாப்பிடவில்லை. மூன்றரை வருஷம் நான் விடிந்து எழுந்தால் சுமந்த காரியம் நடக்கவே இல்லை. ஹேத்தல் பென் தண்ணீர் கொண்டுவந்தார். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"உயிர் உள்ளதன் உருவத்தை நாங்கள் கத்தியால் வெட்ட மாட்டோம்" என்றார் நிலேஷ் பாய். "மாவில் செய்தாலும், சர்க்கரையில் செய்தாலும். கை சர்க்கரையைத்தான் வெட்டுகிறது. மனசு யானையை வெட்டுகிறது."

"அன்றைக்கு எனக்குத்தான் திட்டு" என்றார் ஹேத்தல் பென். "யானை கேட்டது நான். பிள்ளை ஆசைப்பட்டாள், வெட்ட வேண்டி வருமே என்று யோசிக்கவில்லை. நீ இரண்டு நாள் உட்கார்ந்து செய்தாய், அதை வெட்டவில்லை என்று சொன்னால் வருத்தப்படுவாய். அதனால்தான் அடுத்த தடவை குடை போடச் சொன்னேன்." அவரும் அத்தனை வருஷம் ஒன்றை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

யானை என்ன ஆயிற்று என்று கேட்டேன். தீபாவளிவரைக்கும் அலமாரியில் இருந்ததாம். பிறகு ஈரக் காற்றில் தும்பிக்கை இளகிப்போய், கீழே மரத்தடியில் எறும்புகளுக்கு வைத்துவிட்டார்களாம்.

"அப்படியென்றால் அந்த எறும்புகள்" என்று இழுத்தேன்.

"எறும்புகள் எங்கள் சமயம் இல்லை, எஸ்தர் பென்" என்றார் நிலேஷ் பாய். சிரிக்காமல்தான் சொன்னார். ஹேத்தல் பென் சிரித்துவிட்டார். அப்புறம் நிலேஷ் பாய் மெல்ல, "தெரியாமல் நடந்ததற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்த பிறகு வராமல் இருந்தாயே, அது சரியில்லை" என்றார். சரியில்லைதான் என்றேன். அவர் எழுந்து நின்று என் முன்னால் கைகூப்பி, "மிச்சாமி துக்கடம்" என்றார். பெரிய கடைக்காரர், கேக் கொண்டு வருகிறவளிடம். நானும் கைகூப்பினேன். அந்த வார்த்தை என் நாக்குக்கு வரவில்லை. "என்னையும் மன்னிச்சிருங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அது அவர்களுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்தபோது தனராஜ் சாப்பிடாமல் காத்திருந்தார். "என்ன, கதவச் சாத்திட்டாவளா?" என்றார். ஹேத்தல் பென் கொடுத்துவிட்ட காக்ராப் பொட்டலத்தை முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அப்பளம் போல இருக்கிற அந்த மொறுமொறுப்பான ரொட்டியில் ஒன்றை எடுத்து ஒடித்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார். "நீ போனது நல்லதுதாம்ளா. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "உப்பு பத்தாது" என்றார். அன்றைக்கு ஜெபத்தில் ஆமென் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

போன கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனோம். என் தம்பி மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது, பம்பாய் அத்தை கையால் கேக் வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். முட்டை போட்டுத்தான் செய்தேன். மேலே கார்ட்டூனில் வருகிற, கண்ணாடி போட்ட கோழிக்குஞ்சு ஒன்று. வீட்டுக்குள் ஆட்டுக்கறி வாசம், பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. நானும் ருசி பார்க்கிறேன் என்று இரண்டு தடவை வாங்கித் தின்றிருந்தேன். பாட்டுப் பாடி முடித்து, தம்பி பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுத்தான். கத்தி குஞ்சின் கிட்டே போனது. எனக்கு எப்படி என்று தெரியவில்லை, கை குறுக்கே போய்விட்டது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"என்ன மைனி, இத வெட்டப்படாதா?" என்றாள் தம்பி பெண்சாதி. "கறி ரெண்டு தடவ வாங்குனீயள, அது உயிரில்லாத ஆடா?"

எல்லாரும் சிரித்தார்கள். "பம்பாய்க்காரியாயிட்டா எங்கக்கா" என்றான் தம்பி. நானும் சிரித்தேன். மும்பையில் நான் கறி சமைக்கிற மதராஸி, ஊரில் சர்க்கரைக் குஞ்சைக் காப்பாற்றுகிற பம்பாய்க்காரி. அந்த வீட்டில் கண்ணாடி அலமாரி கிடையாது. கேக் வெட்டி, பங்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அந்தக் குஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றையும் விட்டுவிடவும் வேண்டாம். மூன்றரை வருஷம் மறைத்ததைச் சொல்லுங்கள். அவர்கள் மன்னித்ததைச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் இரண்டு தடவை கறி வாங்கித் தின்றதையும் அப்படியே சொல்லுங்கள்.